ஏடு விழாத பால்

வலது தோள்பட்டையில் யாரோ ஆணியை அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி வலித்தது ஜீவராணிக்கு. முந்தின நாள் மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறித்த வலியே இன்னும் இறங்கவில்லை. அதற்கு மேல், விடியும் முன்பே எழுந்து மத்துக் கயிற்றை இழுக்க உட்கார்ந்தவள், கிழக்கு வெளுத்து, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் பல் தேய்த்துக் காறித் துப்புகிற சத்தம் கேட்ட பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தாள். பானைக்குள் மத்து சுழன்றது. நுரை வந்தது, அடங்கியது, மறுபடியும் வந்தது. வெண்ணெய் மட்டும் வரவில்லை.

வெண்ணெய் திரளும்போது முதலில் சத்தம்தான் மாறும். சளசளவென்று வாயாடிக்கொண்டிருக்கிற பானை திடீரென்று குரலை அடக்கிக்கொண்டு தொப் தொப்பென்று பேசும். கயிற்றில் கனம் ஏறும். அந்தக் கனம் கைக்கு வந்தவுடன் தோள் வலி பாதி ஓடிப்போகும். இன்றைக்குக் கயிறு வெறும் தண்ணீரைக் கடைகிற கயிறு போல லேசாகவே ஓடியது. போன தடவையும் இப்படித்தான். அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான்.

"மகராசி வந்துட்டாளாடி?"

இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் பெரியாயி கேட்டாள். கடைந்துகொண்டிருக்கும்போது வெண்ணெய் என்ற பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் வெட்கப்பட்டு உள்ளேயே தங்கிவிடும். மகராசி என்றுதான் கேட்க வேண்டும். பெரியாயி வைத்திருந்த சட்டங்களில் இது ஒன்று. தலைக்குக் குளித்த ஈரத்தோடு பானையை எட்டிப் பார்க்கக்கூடாது. விளக்கு வைத்த பிறகு பாலோ தயிரோ வாசல் தாண்டக்கூடாது. வெண்ணெய் வந்ததும் முதல் விள்ளலை மத்துக் கட்டின கம்பத்தில் அப்ப வேண்டும், இரண்டாவது விள்ளலை மாட்டின் நெற்றியில். எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், கடைந்த வீட்டுக்கு மோர் கேட்டு வந்தவர்களை வெறும் செம்போடு திருப்பி அனுப்பக்கூடாது என்பது. அனுப்பினால் மடி வற்றிப்போகும்.

"வரல அத்தை. தண்ணியாத்தான் கெடக்கு."

"வராது. எப்படி வரும்? ஏடே விழல, அப்புறம் அவ எங்கருந்து வருவா? கண்ணு பட்ட பால்ல ஏடு விழாதுடி."

ஏடு விழவில்லை என்பது உண்மைதான். ஜீவராணி விடியற்காலையில் செவலையைக் கறந்து, பாலைக் காய்ச்சி, அடுப்பு ஓரத்துக் கதகதப்பில் வைத்துவிட்டு மலைக்குப் போய்விடுவாள். மத்தியானம் சூடு ஆறியதும் உறை ஊற்றுவது பெரியாயியின் வேலை. சாயங்காலம் ஜீவராணி வந்து மூடியைத் திறந்தால், முன்பெல்லாம் தயிரின் மேல் மஞ்சளாக, விரல் வைத்தால் பள்ளம் விழுகிற மாதிரி ஏடு கட்டியிருக்கும். கொஞ்ச காலமாக அது இல்லை. மழைத் தண்ணீர் தேங்கின குட்டை மாதிரி மொழுமொழுவென்று வெறும் தயிர் கிடந்தது.

இந்த ஒரு மாட்டை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. புருஷன் அழகருக்கு எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை. வெள்ளைக்காரர்கள் போட்டோ பிடிக்கிற பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவான். அவன் சம்பளம் அவன் எடுத்த சீட்டுக் கடனுக்கும், வெளியூரில் தங்கிப் படிக்கிற மகளின் செலவுக்கும் போய்விடும். அரிசி, கோதுமை மா, பருப்பெல்லாம் பதுளை டவுனில் ஜௌபர் நானா கடையிலிருந்து, வெண்ணெயை உருக்கின நெய்க்கு மாற்றாக வந்தது. நெய்ப் போத்தல் குறைந்தால் மா மூட்டை குறையும்.

பெரியாயி எழுந்து உள்ளே வந்தாள். "இன்னைக்கு அந்தக் கத்திய வச்சுப் பாத்துருவோம்."

"வேணாம் அத்தை."

"என்ன வேணாம்? மாடு செத்தப்புறம் பாப்பியா?"

கத்தி வைப்பது என்றால், தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மோர்ப் பானைக்குள் இறக்குவது. மோர் அலறும். அந்த அலறல் கண் வைத்தவளின் வயிற்றில் போய்ச் சுடும். சூடு தாங்காமல் அவளே ஏதாவது வெள்ளைப் பொருள் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பாள். முதலில் வருகிறவள் எவளோ, அவள்தான்.

பெரியாயி கையிலிருந்து பழுத்த கத்தி பானைக்குள் இறங்கியது. உஸ்ஸென்று ஆவி எழுந்து கருகின வாடை காம்பராவை நிறைத்தது. மத்து ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் நின்றால் யார் வருவார்கள் என்று ஜீவராணிக்குத் தெரியும். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேலாயிதான் வருவாள். மாடு வந்த காலத்திலிருந்து நடக்கிற சங்கதி அது. வேலாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வயிற்றில் புண். மோர் ஊற்றின சோறுதான் அவளுக்குத் தங்கும். சுவர் வழியாகக் கடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்து, நின்றதும் செம்பை எடுத்துக்கொண்டு வருவாள். போன வருஷம் செவலைக்குக் கன்று குறுக்கே விழுந்து, மாட்டு டொக்டர் வர வழியில்லாமல் ரோட்டில் மண் சரிந்து கிடந்தபோது, தோள் வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்துப் போட்டவளும் அதே வேலாயிதான். மோர் என்ன, பாலே அவளுக்கு உரிமை.

தெரிந்தும் ஜீவராணி வாயைத் திறக்கவில்லை. தோள் வலித்தது. மகராசி வரவில்லை. யார் தலையிலாவது இது விழுந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

"ஜீவா, என்ன புள்ள இன்னைக்கு இவ்வளவு நேரம்? கயிறு அறுந்து போச்சோன்னு நெனச்சேன்." நசுங்கின அலுமினியச் செம்போடு வேலாயி வாசலில் நின்றாள். "ஒரு வாய் மோர் ஊத்து, பெரட்டுக்கு நேரமாச்சு. ஐயய்யோ, என்னத்தக் கருக்குனீங்க?"

"வந்துட்டா!" பெரியாயி கத்தின கத்தில் மாடு கூடக் குரல் கொடுத்தது. "கத்தி ஆறல, அதுக்குள்ள வந்துட்டா பாத்தியா!"

வேலாயி சிரித்தாள். "என்ன பெரியம்மா, கடன்காரி வந்த மாதிரி கத்துறீங்க?"

"வயிறு எரியுதாடி ஒனக்கு?"

"ஆமா பெரியம்மா, ராத்திரி பூரா ஒரே எரிச்சல். அதுக்குத்தான மோரு..."

"கேட்டுக்கங்கடி! எல்லாரும் கேட்டுக்கங்க! அவ வாயாலயே சொல்லிட்டா!"

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பொம்பளைகள் கூடையும் இடுப்பில் சுற்றின படங்குமாக வாசலில் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் ரெங்கம்மா. லயத்தின் அடுத்த கோடியில் இருக்கிறவள். இரண்டு பேர் சண்டை என்றால் சோற்றை விட்டுவிட்டு ஓடி வருவாள். பானைக்குள் கிடக்கிற கத்தியைப் பார்த்தவுடனேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேலாயிக்குத்தான் கடைசியாக விளங்கியது. சிரிப்பு முகத்திலேயே நின்று காய்ந்துபோனது.

"ஜீவா," என்றாள் வேலாயி. "நீ சொல்லு. ஒன் மாட்டு மேல நானா கண்ணு வச்சேன்? இந்தக் கையால எடுத்துப் போட்ட கன்னுக்குட்டி புள்ள அது. நானா?"

ஜீவராணி பானைக்குள் பார்த்தாள். கறுத்துப்போன மோரில் கத்தியின் பிடி மட்டும் தெரிந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

வேலாயி செம்பைக் கவிழ்த்துப் பிடித்தாள். பிறகு வெறும் செம்போடு திரும்பிப் போனாள்.

லயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அதைத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது. அன்றைக்கு மலையில் வேலாயிக்குப் பக்கத்துத் தேயிலை நிரையை யாரும் எடுக்கவில்லை. வழக்கமாக அவளோடு பேசிக்கொண்டே பறிக்கிறவர்கள் நாலு நிரை தள்ளிப் போய் நின்றார்கள். ஒரு குமரி கேலியாகக் கூவினாள்: "வேலாயக்கா, என் கூடையப் பாக்காதீங்க, கொழுந்து வாடிரும்!"

"வாடட்டும்டி. ஈரம்னு நிறுவையில கழிக்காமயாச்சும் இருப்பாங்க!" என்று வேலாயி திருப்பி அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு இன்னும் வாய் இருந்தது.

அடுத்த வாரம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், ரெங்கம்மாவின் மருமகள் கைக்குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள், வெயிலுக்கு மூடுகிற மாதிரி. அன்றைக்கு வெயில் இல்லை. பனிதான் இருந்தது. வேலாயி குடத்தை நிரப்பாமலேயே தூக்கிக்கொண்டு போனாள்.  பின்னால் வரிசையில் நின்ற ஜீவராணி தன் குடத்தை நிரப்பினாள். தண்ணீர் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் குடத்தை எடுத்தாள்.

வேலாயி மோருக்கு வருவது நின்றுபோனது. வெண்ணெய் அப்படியும் வரவில்லை. கடைந்து கடைந்து பார்த்தால் கோழிமுட்டையை விடக் கொஞ்சம் சிறிதாக ஒரு உருண்டை.

"வச்ச கண்ணு இன்னும் சுவத்துக்கு அந்தப் பக்கந்தான கெடக்கு," என்றாள் பெரியாயி. ஆனால் முன்பு போலக் கத்திச் சொல்லவில்லை. சுவரைப் பார்க்காமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி ஒரே ஒரு போத்தல் நெய்யோடு பதுளைக்கு பஸ் ஏறினாள். ஜௌபர் நானா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒன்னுதானா? மாடு லீவு போட்டிருக்கா?"

"கண்ணு பட்டுருச்சு நானா."

"ஆ, கண்ணூறு பொல்லாததுதான். எங்கட உம்மாவும் ஓதித் தண்ணி தெளிப்பா. அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்." மாவை அளந்துகொண்டே பேசினார். "ஆனா ஒன்னு கேக்குறேன். தயிருக்கு மேல ஏடு இருக்கா?"

"அதுவே இல்ல நானா."

"அப்ப கடையிறதுக்கு முந்தியே சாமான் போயிட்டுது. கண்ணு எத்தன பொல்லாததா இருந்தாலும் ஏட்ட வழிச்சு எடுக்காது தங்கச்சி. அதுக்கு ஒரு கரண்டி வேணும்."

ஜீவராணிக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டுல யாரு நானா இருக்கா? நான் மலைக்குப் போயிர்றேன். வயசான அத்தை மட்டுந்தான்."

ஜௌபர் நானா அளவைப் படியை மாவுக்குள் குத்தி நிறுத்தினார். "பூனைய பாருங்க," என்றார். "பூனையாத்தான் இருக்கும்."

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஜீவராணி அந்தப் பூனையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். பூனைதான். வேறு யார்? ஸ்பிரிங்வெளி ரோட்டு வளைவுகளில் மடியில் இருந்த மாப் பை அங்கேயும் இங்கேயும் சாய்ந்தது. முன்பு வாங்கிப் போனதில் பாதி கூட அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து மலையில் வைத்து அவளுடைய தோள் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, "அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளந்தான், பரவால்லன்னா வீட்டுக்குப் போ," என்றார். அவள் கூடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கினாள்.

மாட்டுக் கொட்டிலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் பின்வாசல். செவலை தொட்டிக்குள் தலையைவிட்டு எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஜீவராணி எட்டிப் பார்த்தாள். ரொட்டி. கோதுமை மா ரொட்டித் துண்டுகள். ஒரு துண்டின் ஓரம் கருகி இருந்தது. காலையில் அடுப்பில் தீ ஏறிப்போய்க் கருகின ரொட்டி. மாமியாருக்கு மத்தியானத்துக்கென்று அவள் சுட்டு, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு மூடி வைத்துவிட்டுப் போன ரொட்டி. முன்பும் தொட்டியில் இப்படித் துண்டுகளைப் பார்த்திருக்கிறாள். லயத்துப் பிள்ளைகள் மாட்டுக்குப் போட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

அடுப்புக்கு முன்னால் பெரியாயி குந்தி இருந்தாள். பால் பானை திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் ஈரத் துணியை மடித்து வைத்த மாதிரி ஏடு. கிழவி அதைச் சீனியில் தொட்டுச் சுருட்டி வாய்க்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஈறுகளால் மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் அந்த ஒரு வாய்க்காகவே வேலை செய்தது. மோவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்திருந்தது.

கண்ணைத் திறந்ததும் கை பாதியில் நின்றது.

"இன்னைக்கு... வெள்ளனயே வந்துட்டியா?"

ஜீவராணி கூடையைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா அத்தை?"

பெரியாயி வாயில் இருந்ததை விழுங்கினாள். விழுங்குவதற்குக் கூட நேரமெடுத்தது.

"ரொட்டிய மெல்ல முடியலடி. கடைசிப் பல்லும் விழுந்து எவ்வளவு நாளாச்சு, நீ பாத்தியா? கல்லு மாதிரி சுட்டு மூடி வச்சிட்டுப் போயிர்ற. தேத்தண்ணியில நனச்சுப் பாத்தேன். தொண்டைக்குள்ள எறங்கல. பசிச்சுச்சு. மொதல்ல ஒரு வாய்தான் எடுத்தேன். பூனை நக்குனாக்கூட அவ்வளவு போகும்னு எடுத்தேன். அப்புறம் கை நிக்கல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்ல? இந்த வீட்டுல கடையிற வெண்ணெயெல்லாம் போத்தல்ல ஏறிப் பதுளைக்குப் போகுது. கெழவிக்குன்னு ஒரு சொட்டு சோத்துல ஊத்துனியா? நானா கேட்டு வாங்கித் திங்கணுமா? என் புருஷன் வீட்டுல நான் கேட்டுத் தின்னதில்லடி."

 ஜீவராணி தானும் ஒரு சொட்டு ஊற்றிக்கொண்டதில்லைதான். ஆனால் அவளுக்குப் பல் இருந்தது.

"அப்ப வேலாயக்கா? அவங்க என்ன பண்ணுனாங்க ஒங்கள?"

"நான் அவ பேரச் சொல்லலையே." கிழவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ தயிரத் தெறந்து தெறந்து பாத்த. என்னைக்காச்சும் என்னையப் பாப்பன்னு பயமா இருந்துச்சு. கத்திய வச்சா யாராச்சும் வருவா, யாராச்சும் தெரியாதவ வருவான்னு நெனச்சேன். அவ வந்தா. வயிறு எரியுதுன்னு வேற சொன்னா. எனக்கே ஒரு நிமிஷம், நெசமாவே அவதானோன்னு தோணிப் போச்சுடி."

தட்டில் இருந்த மிச்ச ஏட்டை அவள் ஜீவராணியின் பக்கம் தள்ளினாள். "அழகருகிட்ட சொல்லிறாத. லயத்துல தெரிஞ்சா ஏடு திருடிக் கெழவின்னு பேரு வச்சிருவாளுக. ரெங்கம்மா ஒருத்தி போதும். நான் அப்புறம் பீலிப் பக்கம் தலை காட்ட முடியாது. இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறேன், அந்தப் பேரோடயா போகணும்?"

ஜீவராணி தட்டை எடுத்து மறுபடியும் அவள் முன்னால் வைத்தாள். "தின்னுங்க," என்றாள். சேலைத் தலைப்பால் கிழவியின் மோவாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து ரொட்டி சுடுவதை நிறுத்தினாள். ஒரு பிடி அரிசியைக் குழைய வடித்து, பால் ஊற்றி, மூடி வைத்துவிட்டுப் போனாள்.  கஞ்சிச் சட்டி சாயங்காலம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். தயிரின் மேல் ஏடு முழுசாகக் கிடக்கும்.

அடுத்த தடவை மத்தைப் பூட்டிக் கயிற்றை இழுத்தபோது, கிழக்கு வெளுக்கும் முன்பே சத்தம் மாறியது. தொப் தொப் என்றது பானை. கயிற்றில் கனம் ஏறியது. ஜீவராணி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கையை விட்டு அள்ளினால் மஞ்சளாக, குளிர்ந்து, விரல்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு வந்தது. முதல் விள்ளலைக் கம்பத்தில் அப்பினாள். இரண்டாவது விள்ளலைச் செவலையின் நெற்றியில் வைத்துவிட்டுத் திரும்பினால், பின்வாசலில் ரெங்கம்மா.

"வந்துருச்சா? வந்துருச்சா?" ரெங்கம்மா பானையை எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, என்னா வெண்ணெ! பாத்தியாடி ஜீவராணி? அவளுக்கு மோர் ஊத்தாம நிறுத்துனீங்க, மகராசி தானா வந்துட்டா. கத்தி பொய் சொல்லாது. நாங்கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன், ஐயோ பாவம் அவ அப்படிப்பட்டவளா இருப்பாளான்னு. இப்பத் தெரிஞ்சு போச்சு."

ஜீவராணியின் கையிலிருந்த வெண்ணெய் உருண்டை மெல்ல உருகி மணிக்கட்டில் வழிந்தது. இந்தப் பக்கத்தை அவள் யோசித்தே பார்த்திருக்கவில்லை. வெண்ணெய் வராதவரை வேலாயி மேல் இருந்தது வெறும் சந்தேகம். வந்த பிறகு அது தீர்ப்பு.

"இல்ல ரெங்கம்மாக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன இல்ல?"

இஸ்தோப்பில் கம்பளிக்குள் இருந்த உருவம் அசையவில்லை. கம்பளியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"இல்ல... கொஞ்சந்தான் வந்துருக்கு," என்றாள் ஜீவராணி.

பெரட்டுக்குப் போவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லயிலிருந்து அழகர் போன் போட்டான். "அம்மா சொன்னது சரியாப் போச்சு பாத்தியா? நீதான் வேணாம் வேணாம்னியாமே?" யார் மூலமாக அங்கே வரை போனதோ. பெரியாயி போனை வாங்கிக் காதில் வைத்து, மகன் பேசினதையெல்லாம் கேட்டாள். "ம்," என்றாள். "ம்," என்றாள். கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மடுவத்தில் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்த கையோடு ஜீவராணி மோரை ஒரு செம்பில் ஊற்றிக்கொண்டு, பின்பக்கமாகவே போய் வேலாயியின் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. வேலாயி தரையில் உட்கார்ந்து ஒரு பைக்குள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் இளைத்துப்போயிருந்தாள். கழுத்து எலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நசுங்கின செம்பு மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"எங்கக்கா கெளம்புறீங்க?"

"பசறையில தங்கச்சி வீட்டுக்கு. போறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. மடிச்சு வச்சிருந்தா ஒரு தைரியந்தான."

ஜீவராணி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியில் கிடந்த ரொட்டி, தட்டில் இருந்த ஏடு, கிழவியின் பல், தன் தப்பு. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஒரு சுவர்தான் நடுவில்.

வேலாயி மடித்துக்கொண்டிருந்த சேலை மடியிலேயே கிடந்தது. அவள் முதலில் கேட்டது இது: "பெரியம்மாவுக்கு அவ்வளவு பசியா?"

"ஆமாக்கா."

"பாவந்தான்." வேலாயி தலையை ஆட்டினாள். "எனக்கும் பசிதான் ஜீவா. வயிறு எரிஞ்சு ராத்திரியெல்லாம் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். நான் யாரு பானையிலயும் கைய விடல. பேரு எனக்கு, ஏடு அவங்களுக்கு."

"மோர் கொண்டாந்தேன்க்கா. இனி எப்பவும் போல..."

"எடுத்துட்டுப் போ."

"அக்கா..."

"வயித்துக்கு வேணுந்தான். எடுத்துட்டுப் போ. லயமே கூடி நிக்கையில என்னையச் சொன்னீங்க. நீ பானைக்குள்ள பாத்துக்கிட்டு நின்ன. இப்பக் கதவச் சாத்திட்டு காதுக்குள்ள வந்து இல்லைங்கிற. இருட்டுல வந்து குசுகுசுன்னு பேசிட்டுப் போக நான் என்ன ஒன் கள்ளப் புருஷனாடி?" சொல்லிவிட்டு வேலாயியே சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "பெரியம்மா பேரச் சொல்ல வேணாம். அது ஒன் பாடு, ஒன் வீட்டுப் பாடு. வேலாயி இல்லன்னு சொல்லு. பெரட்டுக் களத்துல, எல்லாரும் இருக்கயில. அதுக்கப்புறம் மோர் கொண்டா, செம்ப நானே நிமித்தி வக்கிறேன்."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"சொல்லு," என்றாள் வேலாயி. பையிலிருந்து துணியை வெளியே எடுக்கவும் இல்லை, மேற்கொண்டு வைக்கவும் இல்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் பனி இறங்கி, பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் கூட மங்கலாகத் தெரிந்தது. எல்லோரும் இருந்தார்கள். ரெங்கம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். வேலாயி ஒதுங்கி, வேலி ஓரமாக நின்றாள். அவள் கண் ஜீவராணியின் மேல்தான் இருந்தது. ஜீவராணிக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வேலாயி இல்லை என்றால் ரெங்கம்மா அடுத்ததாக என்ன கேட்பாள் என்பதும் தெரிந்திருந்தது. அப்ப யாரு? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வீட்டில்தான் பதில் இருந்தது. அங்கே இந்த நேரம் ஒருத்தி குழைந்த சோற்றைப் பாலில் பிசைந்துகொண்டிருப்பாள்.

"ஜீவராணி!" என்று கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார்.

"இருக்கேங்க," என்றாள். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

"வேலாயி!"

கொஞ்சம் தாமதித்து, "இருக்கேன்," என்று வேலி ஓரத்திலிருந்து குரல் வந்தது. கூடைகள் மலை ஏறத் தொடங்கின.

இப்போது வெண்ணெய் தவறாமல் வருகிறது. பதுளைக்கு முன்பு போலவே போத்தல் போகிறது. கடைந்து முடித்துச் சத்தம் நின்றதும் ஜீவராணி ஒரு செம்பு மோரை எடுத்துச் சுவர் ஓரமாக வைக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்கும். யாரும் வருவதில்லை. சாயங்காலம் புளித்துப்போன மோரைச் செவலையின் தொட்டியில் கொட்டுகிறாள். பெரியாயி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

லயத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "வேலாயக்கா கண்ணு வக்கல" என்று சொல்ல வேண்டிய ஒரு பேச்சு. அதுதான் வேலாயிக்கு ஜீவராணி பட்டிருக்கிற கடன். அது இன்னும் கொடுபடவில்லை.